மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடும் மலை: யாங்கூனிலிருந்து பான்ஸ்கோவுக்கு

போன பிப்ரவரியில் நானும் என் கணவர் கணேசனும் பல்கேரியாவில் பான்ஸ்கோ என்ற மலையூரில் ஆறு நாள் பனிச்சறுக்குக் கற்றோம். எனக்கு வயது நாற்பத்தாறு, அவருக்கு ஐம்பத்திரண்டு. அதுவரை நாங்கள் பார்த்திருந்த பனியெல்லாம் யாங்கூனில் எங்கள் தாமுவே மார்க்கெட்டில் மீன் பெட்டிக்குள் கிடக்கும் பனிக்கட்டிதான். கூட வந்த மகள் ஸ்ரீ மட்டும் நன்றாகச் சறுக்குவாள். வீட்டில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, செலவழிக்கப் பெரிய தொகையும் இல்லை என்றால் ஐரோப்பாவில் எந்த மலைக்குப் போவது? இதற்குத் தமிழில் பதில் தேடி எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்ரீக்கு இருபத்திரண்டு வயது. நர்ஸ் பயிற்சிக்காக ஜெர்மனியில் மியூனிக் பக்கம் போய் இரண்டரை வருடமாகிறது. ஊருக்கு வா என்று நாங்கள் கூப்பிடவில்லை. நாட்டில் சண்டை நடக்கும் இந்த நேரத்தில் பிள்ளையை யாங்கூனுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் எல்லோருமே யோசிக்கிறோம். அவளுக்கு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது. "நீங்க வாங்க, பனிமலைக்குப் போவோம்" என்று வீடியோவில் சொன்னாள். கூட வேலை செய்யும் பெண்களோடு போய்ச் சறுக்கக் கற்றுக்கொண்டாளாம். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று சொன்னாள்.

"ஒங்களுக்குக் கஷ்டமில்லம்மா. நீங்களும் அப்பாவும் கீழ காப்பிக்கடையில ஒக்காந்துக்கங்க. நா மேல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துர்றேன்."

"ஒரு ரவுண்டுன்னா எவ்ளோ நேரம்?"

"மூணு மணி நேரம், நாலு மணி நேரம். யபாடே, அங்க கேக்கெல்லாம் நல்லாருக்கும்."

யபாடே என்றால் பர்மிய மொழியில் 'பரவாயில்லை'. எனக்குப் பரவாயிருந்தது. இரண்டரை வருடத்துக்கு ஒரு வாரம், அதிலும் அவள் மலை உச்சியில், நாங்கள் அடிவாரத்தில் கேக் தின்றுகொண்டு என்றால் எதற்காகப் போக வேண்டும்? அன்றைக்கே முடிவு செய்தேன். அவள் சறுக்கும் மலையில்தான் நானும் நிற்பேன். கடைசி நாளுக்குள் ஒரு சரிவாவது அவளோடு சேர்ந்து இறங்குவேன்.

நான் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வழிகளையும் கட்டணங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் தொழில். மின்சாரம் இருந்த நேரங்களில் உட்கார்ந்து மலைகளை ஒப்பிட்டேன். இணையதளங்கள் எல்லாம் எத்தனை கிலோமீட்டர் சறுக்குப் பாதை, எத்தனை கறுப்புப் பாதை என்றே பேசுகின்றன. (பச்சை, நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கைதேர்ந்தவர்களுக்கு.) நான் எல்லா வரைபடத்திலும் தேடியது வேறொன்று. புதிதாகக் கற்பவர்கள் விழுந்து எழும் இடம் எங்கே இருக்கிறது? நன்றாகச் சறுக்குகிறவர்கள் மேலே ஏறும் லிஃப்ட் எங்கிருந்து புறப்படுகிறது? இந்த இரண்டும் ஒரே இடமா?

ஸ்ரீ முதலில் சொன்னது மியூனிக்கிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஓர் ஆஸ்திரிய ஊர். அழகான ஊர்தான். ஆனால் புதியவர்கள் கற்பது பள்ளத்தாக்கில், நல்ல பாதைகள் இரண்டு லிஃப்ட் மாறிப் போகும் உயரத்தில். காலையில் பிரிந்தால் மாலையில்தான் சந்திக்க முடியும். அறை வாடகையும் எங்கள் கைக்கு எட்டாது. அடுத்து பல்கேரியாவிலேயே இன்னொரு மலையைப் பார்த்தேன். விமான நிலையத்துக்குப் பக்கம், மலிவு, புதியவர்களுக்கு நல்லது. ஆனால் அங்கே ஸ்ரீக்கு இரண்டு நாளில் சலித்துவிடும் என்று தோன்றியது. அவளுக்குச் சலித்தாலும் காட்டிக்கொள்ள மாட்டாள், அது இன்னும் மோசம்.

பான்ஸ்கோவின் வரைபடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரிலிருந்து ஒரு கேபிள் கார் எல்லோரையும் மலையின் நடுவே ஒரு சமவெளிக்குக் கொண்டுபோய் விடுகிறது. புதியவர்கள் கற்கும் சரிவு அங்கேதான். மேலே சிவப்பு, கறுப்புப் பாதைகளுக்குப் போகும் லிஃப்டுகளும் அங்கிருந்துதான். மேலே போனவர்கள் திரும்ப இறங்கி வருவதும் அதே இடத்துக்குத்தான். சாப்பாட்டுக் கடைகளும் அங்கே. மதியம் பன்னிரண்டரைக்கு மூன்று பேரும் ஒரே மேசையில் உட்காரலாம். அன்றே ஸ்ரீக்குச் செய்தி அனுப்பினேன்: இதுதான் நம் மலை.

விசா ஜெர்மனிக்கு எடுத்தோம். பயணத்தில் அதிக நாள் மகளோடு மியூனிக்கில்தான், பல்கேரியா ஒரு வாரம். பல்கேரியாவும் இப்போது அதே ஷெங்கன் விசாவில் அடங்குகிறது. நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வீட்டில் ஸ்ரீ, பாஸ்போர்ட்டில் அதன் பர்மிய வடிவமான திரி, அவ்வளவுதான். டிக்கெட் தளங்களோ குடும்பப் பெயரைக் கேட்காமல் விடுவதில்லை. பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடமே எப்படி எழுதுவது என்று கேட்டுவிடுங்கள். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

உடைகளைப் புதிதாக வாங்காதீர்கள். யாங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் ஜப்பானிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணிக் கடைகளில் பனிச்சறுக்குச் சட்டையும் காற்சட்டையும் கிடைக்கின்றன. கடைக்காரப் பெண்ணுக்கே அது எதற்கான உடை என்று தெரியவில்லை. "மழைக்கு நல்லாருக்கும் அக்கா" என்று விற்றாள். கணேசனுக்குக் கிடைத்தது பளீரென்ற மஞ்சள்.

கால் பலத்துக்கு டிசம்பரிலிருந்து பயிற்சி எடுத்தோம். ஞாயிறுதோறும் யாங்கூன் ஆற்றின் அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போகும் ஃபெர்ரியில் ஏறி, எதையும் பிடிக்காமல், முழங்காலை மடித்து நின்றபடியே ஆற்றைக் கடப்போம். இறங்காமல் அப்படியே திரும்பி வருவோம். வேகவைத்த காடை முட்டை விற்கும் அம்மாள் மூன்றாவது வாரம் கேட்டேவிட்டாள், "ஊ கணேசன் உக்காரவே மாட்டேங்குறாரே, மூலமா?" என்று. ('ஊ' என்பது பர்மியத்தில் 'ஐயா' மாதிரி.) அவர் பதில் சொல்லாமல் மடித்த முழங்காலோடு இரண்டு பாக்கெட் வாங்கினார்.

யாங்கூனிலிருந்து பாங்காக் ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து மியூனிக் பதினொன்றரை மணி நேரம். ஸ்ரீயின் அறையில் நான்கு நாள் இருந்துவிட்டு, மூவருமாக சோஃபியாவுக்குப் பறந்தோம். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சோஃபியாவிலிருந்து பான்ஸ்கோ ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பலரோடு சேர்ந்து போகும் வேனில் ஆளுக்கு இருபத்தைந்து யூரோ, இரண்டரை மணி நேரம். தனி டாக்ஸி வேண்டாம்.

வேன் ஓட்டுநர் கண்ணாடியில் மஞ்சள் சட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"மியன்மாரில் பனி உண்டா?"

"வடக்கே மலையில் உண்டு" என்றார் கணேசன். "நாங்கள் போனதில்லை."

"உங்கள் பனியை விட்டுவிட்டு எங்கள் பனிக்கு வந்தீர்களா?"

"இங்கேதான் வர முடிகிறது" என்றார். பான்ஸ்கோவில் எலும்பு டாக்டர்கள் நல்லவர்கள் என்று ஓட்டுநர் தகவல் சொன்னார்.

தங்கியது கேபிள் கார் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், சமையலறை உள்ள சிறிய அடுக்ககம். மூவருக்கும் சேர்த்து ஒரு நாளுக்கு அறுபது யூரோ. காலை எட்டரைக்குப் போனால் கேபிள் கார் வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். எட்டுக்குமுன் போய்விடுங்கள். மேலே போக ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். முதல் நாள் அந்தச் சமவெளியில் இறங்கியபோது குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. மூக்குக்குள் இருக்கும் மயிர் உறைவது எப்படி இருக்கும் என்று நான் எங்கும் படித்ததில்லை.

எங்கள் ஆசிரியை ரோசித்சா, என் வயதுக்காரர். கணேசன் பார்த்தவுடன் அவரை 'சயாமா' ஆக்கிவிட்டார்; பர்மிய மொழியில் டீச்சரை அழைக்கும் சொல். இங்கே ஒரு வேடிக்கை. பல்கேரியர்கள் ஆமாம் என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள். "புரிகிறதா?" என்று ரோசித்சா கேட்க, கணேசன் நம் வழக்கப்படி இல்லை என்று இடவலமாக ஆட்டினார். புரிந்துவிட்டது என்று ரோசித்சா அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

புரியவில்லை. பாடம் இதுதான்: காலில் பூட்டிய இரண்டு பலகைகளின் முனைகளையும் நெருக்கி, பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும். பிறகு இடமும் வலமும் திரும்பித் திரும்பி இறங்க வேண்டும். கணேசன் சரிவின் தலைப்பில் நின்றார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். அவர் பல வருடமாக மாரியம்மன் கோயிலில் தீமிதிப்பவர். தீக்குழியில் இறங்கினால் எதிரே இருக்கும் அம்மனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, நிற்கக் கூடாது, பக்கவாட்டில் விலகக் கூடாது. நேரே போய், மறுமுனையில் பால் ஊற்றி வைத்திருக்கும் பால்குழியில் கால் வைக்க வேண்டும்.

நேரே போனார். மஞ்சள் சட்டை குண்டுபோல் இறங்கியது. ரோசித்சா "திரும்பு, திரும்பு" என்று கத்தினார். பால்குழி இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு நிற வலை ஒன்று கட்டியிருந்தது. வலையோடு சேர்ந்து பனிக்குவியலில் புதைந்தார். முதல் சுற்றை முடித்து அப்போதுதான் இறங்கி வந்த ஸ்ரீ, முதலில் பலகையைத் தோண்டி எடுத்தாள், பிறகு அப்பாவை.

"அப்பா, என்ன பண்ணுனீங்க?"

"பயமில்லாமத்தாம்மா வந்தேன்."

"பயப்படணும்ப்பா! இங்க கீழ ஆத்தா நிக்கல. நானும் அம்மாவும்தான் நிக்கிறோம். எங்க மேல வந்து விழுந்தீங்கன்னா எங்களுக்குப் பால் ஊத்த வேண்டியதுதான்."

ரோசித்சாவிடம் தீமிதியைப் பற்றி ஸ்ரீ விளக்கினாள். அவர் ஆச்சரியப்படவேயில்லை. தங்கள் நாட்டிலும் கடலோரப் பக்கம் சில ஊர்களில் நெருப்பில் நடப்பவர்கள் உண்டு என்றார். பிறகு, "நெருப்பு ஒரு நிமிடம்தான். பனி நாள் முழுக்க. இதில் நேரே போக முடியாது" என்றார்.

இரண்டாம் நாள் கணேசனின் முழங்கால் வீங்கிவிட்டது. மதியம் மேசையில், "நா இனி இங்கயே ஒக்காந்துக்கிறேன் கௌரி. நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார். காப்பிக்கடை நாற்காலி அவருக்கும் காத்திருக்கத்தான் செய்தது. பீன்ஸ் சூப்பை அவர் பக்கம் நகர்த்தினேன். நம் பருப்பைப் போலவே இருக்கும், கொஞ்சம் மிளகாய்த் தூள் மட்டும் கையோடு கொண்டுபோங்கள். ஸ்ரீதான் கரண்டியை வைத்துவிட்டு மேசையில் விரலால் கோடு இழுத்தாள்.

"அப்பா, ஃபெர்ரிய விடுங்க. டாலாவுக்குச் சின்னப் படகுல போயிருக்கோம்ல. படகுக்காரரு நேரா அந்தக் கரையப் பாத்தா விடுவாரு?"

"நேரா விட்டா தண்ணி இழுத்துட்டுப் போயிரும். மேல சாச்சு விடுவாரு."

"அப்புறம்?"

"நடு ஆத்துல திருப்புவாரு."

சொல்லிவிட்டு அவர் சரிவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சூப்பைக் குடித்து முடித்து எழுந்தார். மூன்றாம் நாள் மாலைக்குள் சரிவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்ந்து போய், திரும்பி, மறுபடி சாய்ந்து, வலையைத் தொடாமல் கீழே வந்து நின்றார். மெதுவாகத்தான். படகு மாதிரிதான்.

என் பிரச்சினை வேறு. நான்காம் நாள் ஸ்ரீ என்னை முதல்முறையாக ஒரு நீலப் பாதைக்கு லிஃப்டில் அழைத்துப் போனாள். எனக்கு முன்னால், என் பக்கம் முகம் வைத்து, பின்புறமாகவே சறுக்கிக்கொண்டு இறங்கினாள். "வாம்மா, வா" என்று கையை நீட்டினாள். நான் போனேன். நேரே அவள்மேல் போய் இடித்தேன். எழுந்தோம். மறுபடி இடித்தேன். ஐந்தாவது முறை அவள் உதட்டில் சிறிய வெட்டு. என் மகள் முதல்முறையாக எரிச்சலோடு பேசினாள்.

"அம்மா, கண்ணு எங்க போவுதோ அங்கதான் பலக போகும். நீ என்னையே பாக்குற. என் மேலதான் வருவ."

"வேற எங்க பாக்கச் சொல்ற?"

"திரும்ப வேண்டிய எடத்தப் பாரு."

அன்று லிஃப்டிலேயே கீழே வந்தேன். மதிய மேசையில் கையுறையைக் கழற்றவும் மனம் வரவில்லை. இந்தப் பெண்ணைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன், அவளைப் பார்க்காமல் எப்படி இறங்குவது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொன்று தோன்றியது. யாங்கூனில் இருக்கும்போதும் நான் இப்படித்தான் இருக்கிறேன். ஃபோனில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா என்று அவள்மேலேயே போய் மோதிக்கொண்டிருக்கிறேன். அவளும் விழாமல் தாங்கிக்கொள்கிறாள். ஐந்தாம் நாள் அவளை மேலே சிவப்புப் பாதைகளுக்கு அனுப்பிவிட்டு, ரோசித்சாவிடம் தனியாக இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தேன். மலைச்சரிவில் மரங்களையும் கம்பங்களையும் பார்த்துத் திரும்பப் பழகினேன்.

ஆறாம் நாள் கடைசி நாள். பான்ஸ்கோவில் அந்தச் சமவெளியிலிருந்து ஊர் வரைக்கும் மரங்களுக்கு நடுவே ஒரு நீண்ட நீலப் பாதை இறங்குகிறது. ஏழு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நன்றாகச் சறுக்குபவர்கள் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். மாலையில் எல்லோரும் களைத்து ஒரேயடியாக இறங்குவார்கள், பனியும் வழுக்கும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு மணிக்கே கிளம்பினோம். கணேசன் முன்னால், ஓரத்துக்கு ஓரம் படகு விட்டுக்கொண்டு போனார். ஸ்ரீ எனக்கு முன்னால் வரவில்லை.

"நா ஒனக்குப் பின்னால வர்றேன். திரும்பிப் பாக்காத."

பார்க்கவில்லை. எதிரே ஊசியிலை மரம், வளைவு, அடுத்த மரம். பின்னால் அவளுடைய பலகை பனியைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. நான் கிளம்பியதும் அதுவும் கிளம்பியது. நான்கு முறை விழுந்தேன். இரண்டரைக்கு மேல் ஊரின் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. கீழே வந்து பலகையைக் கழற்றினேன். ஸ்ரீ வந்து ஹெல்மெட்டோடு என் ஹெல்மெட்டில் ஒரு முட்டு முட்டினாள். இந்த முறை இடித்தது அவள்தான்.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முழு மலைக்கான டிக்கெட் ஒரு நாளுக்கு அறுபது யூரோவை ஒட்டி வரும். முதல் மூன்று நாள் உங்களுக்கு அது தேவைப்படாது. புதியவர்களுக்கான குறைந்த கட்டண டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். பலகை, பூட்ஸ், ஹெல்மெட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் கடித்தால் பொறுத்துக்கொள்ளாமல் அன்றே மாற்றுங்கள். பாடத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சொந்தப் பிள்ளையிடம் கற்றால் கற்பதைவிடச் சண்டை அதிகம். பனிச்சறுக்கைச் சேர்த்து வரும் பயணக் காப்பீடு அவசியம். சாதாரணக் காப்பீடு போதாது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அரைத்த இறைச்சி வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள், கலந்திருக்கும். மலையைத் தேர்ந்தெடுக்கும்போது பாதைகளின் நீளத்தைப் பிறகு பாருங்கள். நன்றாகத் தெரிந்தவரும் ஒன்றும் தெரியாதவரும் மதியம் நடக்காமல், பஸ் ஏறாமல் சந்திக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். எங்கள் வாரத்தைக் காப்பாற்றியது அந்த மேசைதான். கணேசனைப் படகாக மாற்றியதும் அதே மேசைதான்.

மறுபடி மியூனிக்கில் ஐந்து நாள் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பினோம். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் வழியில், கூட்டத்துக்காக நாடா கட்டி வளைந்து வளைந்து போகும்படி செய்திருந்தார்கள். அன்று கூட்டமே இல்லை. ஸ்ரீ நாடாவுக்கு வெளியே நின்றாள். எங்களுக்கு முன்னால் போனவர் நாடாக்களுக்கு அடியில் குனிந்து நேரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நாமளும் குனிஞ்சு நேரா போயிரலாங்க" என்றேன். பிரிவைச் சீக்கிரம் முடித்துவிடத்தான்.

"யபாடே" என்றார் கணேசன். "சுத்தியே போவோம்."

காலியாகக் கிடந்த அந்த வளைவுகளில் ஒன்று விடாமல் நடந்தோம். ஒரு வளைவில் அவளுக்கு முதுகு காட்டிப் போனோம், அடுத்த வளைவில் அவள் எதிரே வந்தாள். கொஞ்சம் தள்ளி. மறுபடி முதுகு, மறுபடி அவள், இன்னும் கொஞ்சம் தள்ளி. எதிரே வரும் ஒவ்வொரு முறையும் ஸ்ரீ, சரிவில் நிற்பதுபோல் முழங்காலை மடித்துக் காட்டினாள்.